ஜீவனாம்சத்துக்கு வருமான வரி உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமான வரி ரிட்டர்ன் எழுதித் தரும் வேலையில் இருப்பதால், விவாகரத்துத் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைச் சமரச ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்." தீர்ப்பில் எந்த வார்த்தை இருக்கிறது என்பதை வைத்துத்தான் வரியும் முடிவாகிறது. அதனால் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு கூடுதலாகப் பயன்படும். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எல்லாம் இந்திய வருமான வரிச் சட்டத்தைப் பற்றியவை.

ஜீவனாம்சத்துக்கு வரி உண்டுன்னு ஒருத்தர் சொல்றார், இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் பாதி சரி. மாதாமாதம் வருகிற ஜீவனாம்சம் பெறுபவரின் வருமானம். அதற்கு வரி உண்டு. ஒரே தொகையாக மொத்தமாக வருவது மூலதன வரவு, அதாவது வருமானமாகக் கருதப்படாத பணம்; அதற்கு வரி இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ஜீவனாம்சம் என்று பெயர் சொல்லி 1961 வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லாததுதான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2025 வருமான வரிச் சட்டத்திலும் இல்லை. அதனால் நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்துத்தான் நடக்கிறது. அதில் முக்கியமானது பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980களில் சொன்ன தீர்ப்பு. மேலே சொன்ன மாதத் தொகை, மொத்தத் தொகை என்ற பிரிவினை அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கும் ஆடிட்டர்களும் வரித் தீர்ப்பாயங்களும் கையில் எடுப்பது அதைத்தான்.

ரெண்டுமே அதே ஆள் கொடுக்கிற அதே பணம்தானே? மொத்தமா வாங்கினா மட்டும் ஏன் வரி இல்லை?

மாதாமாதம் பணம் வரும்போது, அதன் பின்னால் தொடர்ந்து வருமானம் தரும் ஓர் உரிமை இருக்கிறது. தீர்ப்பு அந்த உரிமையைக் கொடுக்கிறது, அதிலிருந்து மாதப் பணம் வருகிறது. மொத்தமாக வாங்கும்போது, இனிமேல் மாதாமாதம் கேட்கும் அந்த உரிமையையே விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக வாங்குகிறீர்கள். மரத்தின் காய்க்கு வரி, மரத்தையே கொடுத்து வாங்கிய விலை வருமானம் ஆகாது என்பது போல.

இதனால்தான் தீர்ப்பில் "நிரந்தர ஜீவனாம்சமாக, எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற அடிப்படையில், முழுமையும் இறுதியுமான தொகையாக" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "ரூ.20 லட்சம் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், எதற்காகக் கொடுத்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பிறகு பதில் தேட வேண்டியிருக்கும்.

நான் மாசம் 30,000 கொடுக்கிறேன். கோர்ட் உத்தரவு வேற இருக்கு. என் சம்பளத்துல அதைக் கழிச்சுக் காட்டலாமா?

கழிக்க முடியாது. கழிவுகள் நிறைய உள்ள பழைய வரி முறை, கழிவுகள் குறைந்த புதிய வரி முறை இரண்டிலும் இதற்குக் கழிவு இல்லை.

இந்தக் கேள்வியை 1960-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சீதல்தாஸ் தீர்த்ததாஸ் என்ற பம்பாய்க்காரர், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீதிமன்றத் தீர்ப்பின்படி கொடுத்த தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழிக்கக் கேட்டார். ஓர் ஆண்டுக்கு அவர் கேட்டது ரூ.18,000. அந்தப் பணம் முதலில் அவர் கைக்கு அவருடைய வருமானமாக வந்து சேர்கிறது, அதன்பிறகு தன் கடமைக்காக அதைச் செலவழிக்கிறார், ஆகவே கழிவு இல்லை என்று தீர்ப்பானது. வருமானம் கைக்கு வருவதற்கு முன்பே சட்டப்படி வேறொருவருக்குத் திரும்பிப் போய்விட்டால் மட்டுமே கதை வேறு. சம்பளக்காரருக்கு அப்படி அமைவது அரிது.

என் ஆபீஸே சம்பளத்துல பிடிச்சு நேரா அவங்களுக்கு அனுப்புது. என் கைக்கே வராத பணத்துக்கு நான் எப்படி வரி கட்டுறது?

நியாயமான ஆதங்கம்தான், ஆனால் பதில் மாறாது. நீதிமன்ற உத்தரவுப்படி நிறுவனம் பிடித்து அனுப்பினாலும், வேலை செய்து சம்பாதித்தவர் நீங்கள். நிறுவனம் தரும் சம்பள, வரிச் சான்றில் (பாரம் 16 என்று பழகிய தாள்) முழுச் சம்பளமும் உங்கள் பெயரில்தான் இருக்கும், டிடிஎஸ், அதாவது முன்பே பிடிக்கும் வரியை முழுச் சம்பளத்துக்கும்தான் பிடிப்பார்கள். அந்தச் சான்றில் ஒரு தொகை, நீங்கள் ரிட்டர்னில் காட்டுவது அதைவிடக் குறைந்த தொகை என்றால் நோட்டீஸ் வருவது நிச்சயம். அந்த யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்போ நானும் வரி கட்டணும், அவளும் கட்டணும்னா ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை வரி ஆகலையா?

மாதத் தொகையைப் பொறுத்தவரை நடைமுறையில் அப்படித்தான் முடிகிறது. சட்டம் இதை இரண்டு தனி மனிதர்களின் இரண்டு தனி வருமானமாகப் பார்க்கிறது. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுத்தால் உங்களுக்கும் கழிவு இல்லை, அவருக்கும் அது வருமானம்.

இது மாற வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம். கொடுப்பவர், பெறுபவர் இருவரில் ஒருவரிடம் மட்டும் வரி வாங்குவதே முறை. சட்டம் அப்படி மாறும்வரை, தொகையைப் பேசும்போதே இருபக்க வரியையும் கணக்கில் எடுத்துப் பேசுவதுதான் கையில் இருக்கும் ஒரே வழி.

வேலைக்குப் போகலை. மாசம் 25,000 வருது. எவ்வளவு வரி வரும்?

வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு ரூபாயும் வராது. வருடத்துக்கு 3 லட்சம். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் போனாலும், மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். அதாவது வேறு வருமானம் இல்லாதவருக்கு மாதம் ஒரு லட்சம் ஜீவனாம்சம் வந்தாலும் வரி இல்லை. இந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வரி பூஜ்யம் என்றாலும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். தள்ளுபடியே ரிட்டர்னில் கணக்கிட்டுத்தான் கிடைக்கிறது.

எனக்குச் சம்பளம் வருஷம் 9 லட்சம். மாசம் 40,000 ஜீவனாம்சம் வருது. ரெண்டையும் சேர்க்கணுமா?

சேர்க்க வேண்டும், இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. கணக்கைப் பாருங்கள். சம்பளம் மட்டும் என்றால் 9 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 8.25 லட்சம், தள்ளுபடி கிடைப்பதால் வரி பூஜ்யம். ஜீவனாம்சம் 4.8 லட்சத்தைச் சேர்த்தால் 13.05 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போய்விடுகிறது. 4 முதல் 8 லட்சம் வரைக்கு 5 சதவீதமாக 20,000, 8 முதல் 12 வரைக்கு 10 சதவீதமாக 40,000, மீதி 1.05 லட்சத்துக்கு 15 சதவீதமாக 15,750. ஆக 75,750, வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.78,780.

அதாவது கைக்கு வரும் 40,000-ல் மாதம் சுமார் 6,500 வரிக்குப் போகிறது. தொகை பேசும்போது யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையில் இருக்கும் பெண்கள், சமரசம் பேசும் நாளிலேயே இந்தக் கணக்கைத் தாளில் போட்டு வக்கீலிடம் காட்டுங்கள். 40,000 வேண்டும் என்றால் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

இதுக்கு யாரும் டிடிஎஸ் பிடிக்கலையே? கடைசியில் மொத்தமா கட்டினாப் போதுமா?

இந்தியாவில் வசிப்பவருக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்துக்கு டிடிஎஸ் இல்லை, அது சரிதான். ஆனால் டிடிஎஸ் போக வருடத்தில் கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. விட்டால் வட்டி சேரும்.

சம்பளக்காரர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. "இதர வருமானம்" இவ்வளவு என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், சம்பளத்திலேயே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். விவாகரத்து விவரம் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால், தவணையை நீங்களே ஆன்லைனில் கட்டிவிடலாம்.

ரிட்டர்ன்ல எந்த இடத்துல காட்டுறது? ஜீவனாம்சம்னு கட்டமே இல்லையே.

"இதர வழிகளில் வருமானம்" என்ற தலைப்பில், "வேறு ஏதேனும்" என்ற இடத்தில் காட்ட வேண்டும். சம்பளம், ஒரு வீடு, வட்டி, ஜீவனாம்சம் இவ்வளவுதான் என்றால், மொத்தம் 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை எளிய படிவமான ஐடிஆர்-1 போதும். சம்பளத்துக்குக் கிடைக்கும் 75,000 நிலையான கழிவு இதற்குக் கிடையாது. குடும்ப ஓய்வூதியத்துக்கு இருக்கும் கழிவும் பொருந்தாது. சிலர் தவறுதலாக அந்தக் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள்.

மொத்தத் தொகை வாங்கியவர்கள் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், விலக்குள்ள வரவுகள் பகுதியில் குறித்துவிடுவது நல்லது. கணக்கில் 25 லட்சம் திடீரென்று வந்தது எப்படி என்று நாளைக்குக் கேட்டால், அன்றைக்கே சொல்லியிருக்கிறேன் என்று காட்டலாம்.

வரி இல்லைங்கிறதால மொத்தமாவே வாங்கிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கிடலாமா?

வரியை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். மேலே 25,000 கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். வேலைக்குப் போகாத பெண்ணுக்கு மாதத் தொகையிலும் வரி இல்லை. இல்லாத வரியை மிச்சப்படுத்த ஆயுள் முழுவதும் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதில் என்ன லாபம்? இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில், சூழ்நிலை மாறினால் மாதத் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. மொத்தமாக வாங்கி "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்தபிறகு அது கடினம்.

மறுபக்கமும் உண்டு. மாதப் பணத்தை ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துபவர்கள் ஏராளம்; ஒவ்வொரு முறையும், தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டு அலைய வேண்டும். மறுமணம் செய்தால் மாதத் தொகையை நீதிமன்றம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அவர் எப்படிப்பட்டவர், உங்களுக்கு வயது என்ன, பணத்தைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா என்பதெல்லாம் முதலில். வரி அதற்கப்புறம். நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு மட்டும் மொத்தத் தொகையால் வரியில் உண்மையான லாபம் இருக்கிறது.

மொத்தமா 25 லட்சம் வாங்கி பேங்க்ல போட்டுட்டேன். இனி வரி பத்திக் கவலை இல்லைதானே?

25 லட்சத்துக்கு இல்லை. அதன் வட்டிக்கு உண்டு. 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 1.75 லட்சம், வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி வராது. ஆனால் வட்டி வருடம் 50,000-ஐத் தாண்டினால் வங்கி தானாகவே டிடிஎஸ் பிடித்துவிடும். வரி வராது என்று ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் வங்கியில் சுயஉறுதிப் படிவம் கொடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ரிட்டர்ன் போட்டுத்தான் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க முடியும்.

30 லட்சம்னு பேசி மூணு தவணையா தர்றார். இது மொத்தமா, மாசத் தொகையா?

மொத்தம் இவ்வளவு என்று ஒரே தொகை முடிவாகி, கொடுக்கும் வசதிக்காக மட்டும் பிரிக்கப்பட்டிருந்தால் அது மொத்தத் தொகைதான். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவின்போது ஒரு பாதி, ஆறு மாதம் கழித்து இரண்டாம் மனுவின்போது மறுபாதி என்று டிடி கைமாறுவது வழக்கமானதுதான்.

ஆனால் 30 லட்சத்தை மாதம் 25,000 வீதம் பத்து வருடம் என்று எழுதினால், அதிகாரி அதை மாத வருமானம் என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை முதலில், தவணைத் தேதிகள் அதன் கீழே, தவணைகள் குறைவாக. இப்படி இருக்கட்டும்.

கேஸ் இன்னும் முடியலை. இடைக்கால ஜீவனாம்சம் வருது. அதுக்கு வரி?

தீர்ப்பு வரும்வரை நீங்கள் இருவரும் சட்டப்படி கணவன் மனைவிதான். கணவனிடமிருந்து மனைவிக்கு வரும் பணம் உறவினர் கொடுத்ததாகக் கருதப்பட்டு, அன்பளிப்பு வரியில் மாட்டுவதில்லை. இதனால் இடைக்காலத் தொகைக்கு வரி இல்லை என்று வாதிட நல்ல அடிப்படை இருக்கிறது. சேர்ந்து வாழாமல் பிரிந்திருக்க மட்டும் தீர்ப்பு வாங்கியவர்களுக்கும் திருமண பந்தம் தொடர்வதால் இதே நிலைதான். விவாகரத்துத் தீர்ப்புத் தேதிக்குப் பிறகு வரும் மாதத் தொகையை வருமானமாகக் காட்டத் தொடங்குங்கள்.

கோர்ட்ல எதுவும் எழுதலை. அவரா மனசு வந்து மாசம் 10,000 அனுப்புறார். இது கிஃப்ட் தானே?

கிஃப்ட்தான், ஆனால் உறவினர் அல்லாதவர் கொடுக்கும் கிஃப்ட். விவாகரத்துக்குப் பிறகு முன்னாள் கணவர் வருமான வரிச் சட்டத்தின் "உறவினர்" பட்டியலில் இல்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் பணம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும் வரி. ஆகவே வாய்ப்பேச்சில் ஒரு பெரிய தொகையை மொத்தமாக வாங்குவது ஆபத்து. தீர்ப்பின்படி வாங்கியிருந்தால் வரியே இல்லாத பணம், காகிதம் இல்லாததால் வரிக்குள் வந்துவிடும்.

பணமாவே வாங்கிக்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஒரே நிகழ்வுக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிரித்துப் பிரித்து வாங்கினாலும் அதே சமரசத்துக்காக என்றால் ஒரே கணக்குதான். பணம் வாங்கியவருக்குத்தான் அபராதம், கொடுத்தவருக்கு அல்ல. வங்கிப் பரிமாற்றம் அல்லது டிடி, அந்த எண் தீர்ப்பில் பதிவாக வேண்டும்.

குழந்தைக்குன்னு தர்ற பணத்துக்கும் நான் வரி கட்டணுமா?

குழந்தைக்கான தொகையைத் தீர்ப்பில் தனியாகப் பிரித்து எழுத வைப்பதுதான் முக்கியம். பெற்றோர் விவாகரத்து ஆனாலும் அப்பா அப்பாதான். பிள்ளைக்கு அவர் கொடுப்பது உறவினர் கொடுத்தது. அதனால் "மனைவிக்கு 20,000, மகளுக்கு 15,000" என்று இருந்தால் அந்த 15,000 உங்கள் வருமானம் அல்ல என்று சொல்ல முடியும். "மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து 35,000" என்று எழுதினால், முழுவதையும் உங்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லி அதிகாரி கேட்கலாம். ஒரே வாக்கியத்தில் வரும் வித்தியாசம், வருடத்துக்கு 1.8 லட்சம் வருமானம்.

முடிந்தால் அந்தப் பணம் மகளின் பெயரில் உள்ள மைனர் கணக்குக்கு வரட்டும். பள்ளிக் கட்டணத்தை அப்பா நேரடியாகப் பள்ளிக்குக் கட்டினால் உங்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. பழைய வரி முறையில் இருந்தால் அவருக்கு டியூஷன் கட்டணக் கழிவும் கிடைக்கும்.

பிள்ளை பேர்ல அவர் எஃப்டி போட்டுக் கொடுத்தார். அதோட வட்டி யார் கணக்குல வரும்?

மைனர் குழந்தையின் வருமானம் பொதுவாகப் பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவருடன் சேரும். திருமண பந்தம் முடிந்துவிட்டால், அந்த ஆண்டில் குழந்தையை வைத்துப் பராமரிப்பவருடன் சேரும். அதாவது பணம் போட்டது அவர், வட்டியைக் காட்ட வேண்டியது நீங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. வங்கி அந்த எஃப்டியில் யாருடைய பான் எண்ணைச் சேர்த்திருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் எண் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பணத்துக்குப் பதிலா வீட்டை எழுதித் தர்றேன்னு சொல்றார். டைவர்ஸுக்கு முன்னாடி எழுதலாமா, பின்னாடியா?

தமிழ்நாட்டில் இதில் பெரிய தொகை தங்கியிருக்கிறது. கணவன் மனைவியாக இருக்கும்போது குடும்ப உறுப்பினருக்கான செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிந்தால், முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 50 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டுக்கு மொத்தம் 50,000-ல் முடியும். விவாகரத்துக்குப் பிறகு குடும்பச் சலுகை போய்விடும். 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்றால் அதே வீட்டுக்கு 4.5 லட்சம்.

வருமான வரியிலும் முன்னால் எழுதுவது எளிது. மனைவிக்குக் கொடுத்தது என்பதால் பெறுபவருக்கு வரி இல்லை, கொடுப்பவருக்கும் அன்பளிப்பு என்பதால் மூலதன ஆதாய வரி (சொத்தைக் கைமாற்றும்போது வரும் லாபத்துக்கான வரி) இல்லை. ஒரு சிக்கல் மட்டும்: மனைவிக்கு இலவசமாகக் கொடுத்த சொத்தின் வாடகை கணவன் கணக்கில்தான் சேரும் என்று பொது விதி. பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின் பேரில் கொடுத்தால் இந்த விதி பொருந்தாது. ஆகவே "பிரிந்து வாழ்வதென்று செய்துகொண்ட உடன்பாட்டின்படி" என்ற வாசகம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு எழுதினால், பெறுபவரிடம் இது அன்பளிப்பா என்றும், கொடுப்பவரிடம் கடமையைத் தீர்க்கக் கொடுத்ததால் மூலதன ஆதாயம் உண்டா என்றும் கேள்வி எழலாம். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தரப்பட்ட வீடு என்று தீர்ப்பில் இருந்தால் பெறுபவர் பதில் சொல்ல முடியும்.

கொடுப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை. செட்டில்மெண்ட் எழுதியபிறகு எதிர்த்தரப்பு இரண்டாம் மனுவுக்கு வராமல் போனால், பத்திரத்தை நீங்களாக ரத்து செய்ய முடியாது. பதிவு எப்போது, இறுதி மனு எப்போது என்பதை இரு வக்கீல்களும் அடுத்தடுத்த நாட்களாக அமைத்துக்கொள்வது நல்லது.

அந்த வீட்டை நான் பின்னாடி வித்தா?

விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. அன்பளிப்பாக வந்த வீடு என்றால் அவர் வாங்கிய விலையே உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்களுடையதோடு சேரும். அதனால் பிரியும்போது மூலப் பத்திரம், கட்டட ரசீதுகள், கடன் தீர்த்த சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து முன்னாள் கணவருக்குப் போன் செய்து "அந்த வீட்டை என்ன விலைக்கு வாங்கினீங்க" என்று கேட்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

வீடு என் பேருக்கு வந்தாச்சு, லோன் தவணையை அவர்தான் கட்டுறார். வட்டிக் கழிவு யாருக்கு?

பெரும்பாலும் இருவருக்கும் இல்லை. அவர் உரிமையாளர் இல்லை. நீங்கள் பணம் கட்டுபவர் இல்லை. புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு எப்படியும் வட்டிக் கழிவு இல்லை என்பதால் இழப்பு எதுவும் கிடையாது.

கல்யாணத்துக்கு அப்பா போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதைக் காட்டணுமா?

சீதனம் உங்கள் சொந்தச் சொத்து. உங்கள் பொருள் உங்களிடம் திரும்பி வருவது வருமானம் ஆகாது. முஸ்லிம் பெண்களுக்கு வரும் மஹரும் அப்படித்தான். கணவன் கொடுக்க வேண்டிய கடன் அது. நகையை விற்றால் மட்டும் ஆதாயத்துக்கு வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். நகை எடை, எண்ணிக்கையோடு ஒப்படைப்புப் பட்டியலை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு வருஷமா தராம இருந்த பாக்கியை நிறைவேற்று மனு போட்டு மொத்தமா வாங்கினேன். மொத்தமா வந்ததால வரி இல்லைதானே?

இது உண்மையிலேயே சிக்கலானது. ஒன்றாக வந்தது என்பதால் மட்டும் மூலதன வரவு ஆகிவிடாது. 36 மாதத்து மாதத் தொகையே சேர்ந்து வந்திருந்தால், அது வருமானம் என்று அதிகாரி சொல்ல இடம் உண்டு. மாதத் தவணைகளுக்குப் பதிலாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்தால் நிலைமை வேறு; அப்படி வாங்கியது மூலதன வரவே என்று டெல்லி வருமான வரித் தீர்ப்பாயம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

சம்பள நிலுவைக்கு வருடவாரியாகப் பிரித்துக் கணக்கிடும் சலுகை உண்டு, ஜீவனாம்ச நிலுவைக்கு இல்லை. எனவே பாக்கியை வாங்கும்போது இனி வரும் மாதங்களுக்கும் சேர்த்து ஒரே தீர்வாக முடிப்பதா, பாக்கி மட்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மனுவின் வாசகம் அதற்கேற்ப அமையட்டும்.

அவர் அமெரிக்காவுல இருக்கார். அங்க ஜீவனாம்சத்துக்கு வரி இல்லைன்னு சொல்றார். நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்.

அவர் சொல்வது அமெரிக்கச் சட்டம். அங்கே 2018 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்த விவாகரத்து ஒப்பந்தங்களில் கொடுப்பவருக்குக் கழிவு இல்லை, பெறுபவருக்கு வருமானமும் இல்லை. ஆனால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உலகில் எங்கிருந்து வந்தாலும் உங்கள் வருமானத்துக்கு இந்தியச் சட்டம்தான். மாதத் தொகை என்றால் காட்ட வேண்டும், மொத்தத் தொகை என்றால் முதல் பதிலில் சொன்னதுதான்.

இங்கிருந்து வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மனைவிக்கு அனுப்புபவர்கள், நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டிசிஎஸ்ஸையும், வெளிநாட்டில் வசிப்பவருக்கான டிடிஎஸ் விதியையும் அனுப்பும் முன்பே ஆடிட்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு வருஷமா மாசா மாசம் வாங்குறேன், ஒரு தடவைகூடக் காட்டலை. இப்ப என்ன பண்றது?

முதலில் பயப்படாதீர்கள். வருடவாரியாகக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு அந்தந்த ஆண்டின் வரம்புக்குள்தான் இருக்கும், செய்ய ஒன்றும் இராது. வரி வரும் ஆண்டுகள் இருந்தால், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு வருடத்துக்குள் திருத்திய புதுப்பிப்பு ரிட்டர்ன் போடலாம். வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவீதத்தில் தொடங்கி, தாமதத்தைப் பொறுத்து 70 சதவீதம் வரை கட்ட வேண்டியிருக்கும். தள்ளிப்போடப் போட ஏறும் என்பதால் இந்த ஆண்டே முடியுங்கள்.

ரிட்டர்ன்ல காட்டினா, "அவளுக்கு வருமானம் இருக்கு"ன்னு கோர்ட்ல சொல்லி ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்வாரே?

இந்தப் பயத்தால்தான் நிறையப் பெண்கள் ரிட்டர்னே போடாமல் இருக்கிறார்கள். அவர் கொடுக்கும் பணமே உங்கள் சொந்தச் சம்பாத்தியம் ஆகிவிடாது. எந்த நீதிபதிக்கும் அது தெரியும். மறைப்பதில்தான் ஆபத்து. 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டது. பிரமாணப் பத்திரம் ஒன்று சொல்லி ரிட்டர்ன் வேறொன்று சொன்னால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். ரிட்டர்னோடு வரும் கணக்கீட்டுத் தாளில் "முன்னாள் கணவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி பெற்ற ஜீவனாம்சம்" என்று வழக்கு எண்ணோடு தனிப் பதிவாகப் போடச் சொல்லுங்கள். வட்டி, சம்பளம் அதற்குக் கீழே தனித்தனியாக. அவருடைய வக்கீல் உங்கள் ரிட்டர்னை நீட்டினால், உங்கள் வக்கீல் அந்தத் தாளை நீட்டுவார். கட்டிய வரிச் சலானும் கூடவே இருக்கட்டும். உங்களுக்கு உண்மையில் கைக்கு வருவது எவ்வளவு என்று காட்டித் தொகையைக் கூட்டக் கேட்கும்போது அதுவே உங்கள் ஆவணம்.